முத்திரை அக்காவின் மாதிரி முகம்

ஊழியர் அலுவலகத்துக்கு வந்தாரா இல்லையா என்பதை, அவர் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முடிவு செய்வது பழைய முறை. அதில் குறைகள் பல. பார்க்க ஒருவர் வேண்டும், அவருக்குக் கண் தெரிய வேண்டும், பார்த்ததை அவர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இக்குறைகளைக் களையும் உயரிய நோக்கத்தோடு, எடையளவு முத்திரை அலுவலகத்தின் வாசலில் முகம் பார்க்கும் இயந்திரம் ஒன்று பொருத்தப்பட்டது. பதிவில் உள்ள முகமும் எதிரில் நிற்கும் முகமும் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். "வணக்கம்" என்று ஒரு பெண் குரல் கேட்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு. "முகம் பொருந்தவில்லை" என்று அதே குரல் அதே கனிவோடு சொல்லும்.

அந்த அலுவலகத்துக்குப் பொருத்தம் பார்ப்பது புதிதல்ல. கடைக்காரர்கள் எடைக்கற்களைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். கண்ணாடிப் பேழைக்குள் பட்டுத்துணியில் மாதிரிக் கற்கள் இருக்கும். கடைக்காரரின் கல் மாதிரிக் கல்லோடு ஒத்துப்போனால் முத்திரை குத்துவார்கள். தேய்ந்திருந்தால், கல்லின் அடியிலுள்ள குழியில் ஈயம் ஊற்றிச் சரிக்கட்டுவார்கள். எதற்கும் தேறாத கல்லுக்குச் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்து ஒதுக்கிவிடுவார்கள். எப்போதும் தப்பு கடைக்காரர் கல்மேல்தான். மாதிரிக் கல் தப்பாக இருக்குமோ என்று அங்கே யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

முத்திரைப் பிரிவின் மூத்த எழுத்தரை எல்லோரும் முத்திரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் அதை நம்பவில்லை. தாடையிலும் கன்னத்தின் கீழ்ப்பக்கத்திலும் மாதம் தவறாமல் பரு. வீட்டில் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற மகள் இருக்கிறாள். அவள் முகத்தில் மருந்துக்குக்கூட ஒரு பரு கிடையாது. மகளுக்கு வரவேண்டியது விலாசம் மாறித் தன்னிடம் வந்துவிட்டது என்று அக்கா சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கும்போது தாடை வலிக்கும்.

வலியைவிட ஆலோசனைதான் பெரும் பாடு. ஒருவருக்குப் பரு வந்தால் அது அவருடைய முகத்தில் இருந்தாலும் பொதுச்சொத்து என்பது அலுவலகங்களின் எழுதப்படாத விதி. தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பற்பசை தடவச் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்க்கச் சொன்னார்கள். சரக்கறைக்காரர், "கல்யாணம் ஆனா எல்லாம் போயிடும்மா" என்றார். அவர் அவளுடைய மகளின் பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்டவர்.

அடுத்த மேசைக்காரி இதில் தனி ரகம். நாளொரு மோஸ்தர் அவளுக்கு. அப்போதைக்கு அவள் பிடித்திருந்தது கண்ணாடிச் சருமம். ஏழு குப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினால் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடுமாம்.

"நாலாவது பூச்சு மட்டும் போட்டுப் பாருங்கக்கா. அதுல நத்தை இருக்கு."

"நத்தையா?"

"நத்தை ஓடுற வழியில கசியுமே, அது."

"அது ஓடி எங்க போய்ச் சேர்ந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா. அடுத்த மேசைக்காரி இரண்டு நாள் பேசவில்லை.

இயந்திரத்தில் முகங்களைப் பதிவு செய்த நாளில்தான் அக்காவின் முகம் உச்சகட்ட விளைச்சலில் இருந்தது. தாடையில் ஒரு கூட்டம், மூக்கு நுனியில் தலைவர் மாதிரி ஒன்று. "இன்னொரு நாள் எடுக்கலாமா சார்?" என்று மேலதிகாரியிடம் கேட்டாள். "இன்னைக்கு எல்லாருக்கும் எடுக்கிறோம்மா, இன்னைக்குத்தான் எல்லாரும் இருக்கீங்க" என்றார் அவர். எடுத்தார்கள்.

அந்தப் படத்தைத் திரையில் பார்த்த அன்று மாலைதான் அக்கா தோல் மருத்துவரிடம் போனாள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி.

"இந்த வயசுல இது வருமா டாக்டர்?"

"வரும். பொம்பளைங்களுக்குத் தாடையில அடிக்கடி வரும். நீங்க எதுவும் தப்புப் பண்ணல. இதுவரைக்கும் என்னெல்லாம் தடவினீங்க?"

அக்கா சொன்னாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் நிறுத்துங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மென்மையா முகம் கழுவணும். தேய்க்கக் கூடாது. ராத்திரி இந்தக் களிம்பு ஒரு பட்டாணி அளவு, பரு மேல மட்டும் இல்ல, முகம் பூராவும் லேசா. பகல்ல வெயிலுக்கு ஒரு பூச்சு, எண்ணெய்ப்பசை இல்லாதது. கிள்ளக் கூடாது. தொடவே கூடாது."

"எப்ப சரியாகும்?"

"மாசக் கணக்காகும். முதல்ல கொஞ்சம் அதிகமாகக்கூடச் செய்யும். பயந்து விட்டுடாதீங்க. சரியானப்புறமும் கொஞ்ச நாள் போடணும், திரும்ப வராம இருக்க."

இவ்வளவு சாதாரணமான வைத்தியத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் கேட்பவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டு பட்டாணி அளவில் தடவிவந்தாள். முதலில் தோல் உரிந்தது, எரிந்தது, பருக்கள் புதிதாய்க் கிளம்பின. விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் திரையில் பார்த்த அந்தப் படத்தை நினைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, யாரோ ஒவ்வொருவராக எழுந்து வெளியே போவது போலப் பருக்கள் போயின.

ஒரு காலை, முகம் கழுவித் துடைத்தபோது விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அக்கா கண்ணாடிக்கு அருகில் போய் நின்றாள். பல வருடங்களாக அவள் தலை வாரும்போது வகிட்டை மட்டும் பார்ப்பாள், கீழே பார்க்க மாட்டாள். அன்று முழு முகத்தையும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அழுதால் முகம் சிவக்குமே என்று அடக்கிக்கொண்டு, இருக்கிற புடவைகளில் நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"முகம் பொருந்தவில்லை" என்றது இயந்திரம்.

இயந்திரத்தைத் துடைத்துப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள், பின்னால் போய்த் திரும்ப வந்து பார்த்தாள். சிவப்புதான். அலுவலகமோ அவளைப் பார்த்து "வாங்கக்கா" என்றது, வேலை கொடுத்தது, மாலை வரை முத்திரை குத்த வைத்தது. பதிவில் மட்டும் அவள் வரவில்லை. சில நாள் இப்படிப் போன பிறகு மேலதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார்.

"இதை முத்திரைப் பிரிவு மூத்த எழுத்தர்கிட்ட சேர்த்துடுங்கம்மா."

"நான்தானே சார் அது?"

"தெரியும்மா. அதான் உங்ககிட்டயே கொடுக்கிறேன்."

தொடர்ந்து வராமல் இருந்தால் தாமாகவே வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படுவார் என்று கடிதம் பணிவோடு தெரிவித்தது.

"தினமும் வரேனே சார். நேத்து நீங்கதானே தராசுத் தட்டு கேட்டீங்க, நான்தானே எடுத்துக் கொடுத்தேன்?"

"நீங்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா எனக்குத் தெரிஞ்சா போதுமா? அலுவலகத்துக்குத் தெரியணுமே."

"அப்ப படத்தை மாத்துங்க சார்."

"பதிவை மாத்தணும்னா ஊழியர் நேர்ல வந்து கேட்கணும். ஊழியர்தான் வரலையே." மேலதிகாரி கெட்டவர் அல்ல. அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "இங்க பாருங்கம்மா, நாம எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கிறோம். கல்லு பொருந்தலைன்னா மாதிரிக் கல்லையா செதுக்குறோம்?"

"இல்ல சார்."

"உங்க முகம் தேஞ்சிருக்கு. அவ்வளவுதான். தேஞ்ச கல்லுக்கு என்ன பண்ணுவோம்?"

"ஈயம் ஊத்துவோம்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள் அக்கா.

சரிக்கட்டும் பணி அன்றே தொடங்கியது. இயந்திரத்திலிருந்து அவளுடைய பதிவுப் படத்தை எடுத்து, மாதிரி முகம் என்று மேலே எழுதி, பெண்கள் கழிவறைக் கண்ணாடியின் பக்கத்தில் ஒட்டினார்கள். அடுத்த மேசைக்காரி கண்ணுக்கு மை தீட்டும் தூரிகையைக் கொடுத்தாள். மை, தேறாத கற்களுக்குப் புள்ளி வைக்கிற சிவப்பு மை. அலுவலகத்தில் வேறு சிவப்பு இல்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து அக்கா தன் தாடையில் பழைய பருக்களை ஒவ்வொன்றாக வைத்தாள். போகப்போக அவளுக்குப் படம்கூடத் தேவைப்படவில்லை. எது எங்கே இருந்தது, எது எப்படி வலித்தது எல்லாம் நினைவிருந்தது.

அவள் வெளியே வந்ததும் மேலதிகாரி அளவுகோலை வைத்துப் பார்த்தார். "மூக்குல இருக்கிறது கொஞ்சம் சின்னதா இருக்கும்மா."

"அது அப்ப பழுத்திருந்துச்சு சார்."

"பழுக்க வைங்க."

"வணக்கம்" என்றது இயந்திரம். வேலை பிழைத்தது.

ஆனால் அந்த மை இரும்பில் நிற்பதற்காகச் செய்தது. லேசில் போகாது. மாலையில் வீட்டுக்கு வந்து அக்கா தேய்ப்பாள். தேய்க்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னது கேட்கும், ஆனாலும் தேய்ப்பாள். மேலதிகாரியின் நாற்காலி ஒரு நாள் எனக்குக் கிடைத்தால் முதல் வேலையாக அந்த இயந்திரத்தைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன் என்று தினமும் கண்ணாடி முன்னால் சபதம் செய்தாள். மகள் கதவருகில் நின்று பார்த்தாள்.

"இதுக்கு உனக்குப் பருவே இருந்திருக்கலாம்மா."

"அப்ப அது என்னுதா இருந்துச்சு. இது அலுவலகத்துது" என்றாள் அக்கா.

தோல் சிவந்து தடித்ததைப் பார்த்த மருத்துவர் முதல்முறையாகக் கோபப்பட்டார். இப்படியே தேய்த்தால் நிஜமான பருவே திரும்ப வந்துவிடும் என்றார். வந்தால் தாடையில் வேறு இடத்தில் வரும், அப்போது இயந்திரம் அதையும் ஏற்காது என்று அக்காவுக்குப் பட்டது. பயந்துபோய் அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஊழியராக எழுதினால் செல்லாது என்பதால், எடைக்கல் சம்பந்தப்பட்ட ஒரு பொதுஜனமாக எழுதினாள்.

தலைமை அலுவலகம் மனமிரங்கியது. ஒருவருக்கு மட்டும் இரங்கினால் பாரபட்சம் ஆகிவிடும் என்று எல்லோருக்கும் இரங்கியது. அனைவர் முகமும் திங்கட்கிழமை மறுபடி பதிவு செய்யப்படும். அதன்பின் நெடுங்காலத்துக்கு எந்த மாற்றமும் அனுமதிக்கப்படாது.

நெடுங்காலத்துக்கு நிற்கப்போகிற முகம் என்றதும் அலுவலகம் விழித்துக்கொண்டது. அடுத்த மேசைக்காரியின் குப்பிகளுக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது. ஒரே இரவில் கண்ணாடிச் சருமம் என்று அவள் உறுதி கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏழு பூச்சும் பூசினார்கள். சரக்கறைக்காரர் மீசையை ஒதுக்கிக்கொண்டு பூசினார். மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு பூசினார். அக்காவுக்கும் ஒரு பங்கு வந்தது. அவள் அதை அலமாரியில் வைத்துவிட்டு, விடுமுறையில் மை ஒருவழியாகப் போயிருந்த முகத்தை மருத்துவர் சொன்னபடி கழுவி, பட்டாணி அளவு களிம்போடு தூங்கிப்போனாள்.

திங்கட்கிழமை அலுவலகம் முழுக்கப் பூத்திருந்தது. சிலருக்கு நெற்றியில், சிலருக்குக் கன்னத்தில். மேலதிகாரிக்கு இடமே பாக்கியில்லை.

"சார், இன்னொரு நாள் எடுக்கலாமா?" என்று அடுத்த மேசைக்காரி கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டாள். மேலதிகாரியும் அதைத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆளிடம் கேட்டார். "இன்னைக்கு எல்லாருக்கும் எடுக்கிறோம் சார்" என்றார் அந்த ஆள். எடுத்தார்கள். அக்காவின் முகம் மட்டும் படத்தில் சுத்தமாக விழுந்தது.

பூச்சை நிறுத்தியதும் பருக்கள் தணிந்தன. வார முடிவுக்குள் எல்லோர் முகமும் பழையபடி ஆகிவிட்டது. இயந்திரம் ஒருவரையும் விடாமல் பொருந்தவில்லை என்றது. மேலதிகாரி கொஞ்சம் அழுத்தமாக நின்று பார்த்தார். அவரிடம் அது கூடுதல் கனிவோடு சொன்னது போலிருந்தது. அலுவலகத்தில் பதிவின்படி இருந்தது அக்கா ஒருத்திதான். மேலதிகாரி வராத நாட்களில் வந்திருப்பவர்களுள் மூத்தவரே பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. பேழைச் சாவியும் நாற்காலியும் அவளிடம் வந்தன.

காலையில் மேலதிகாரி தன் அறைக் கதவைத் தானே தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"என்னம்மா இது, என்னை உங்களுக்குத் தெரியாதா?"

அக்காவின் எதிரில் வெள்ளைத்தாள் இருந்தது, கையில் பேனா இருந்தது. இயந்திரத்தைக் கழற்றுக என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதத்தான் குனிந்தாள். அப்போது அந்த நினைப்பு வந்து தொலைத்தது. பரு இருந்தவரை அவளுடைய முகத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இந்தக் கட்டடத்தில் யாருமில்லை. பரு போன பிறகு ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தச் சுத்தமான முகத்தைப் பார்த்து, தினமும் காலையில், பச்சை விளக்கோடு வணக்கம் சொல்வது அது ஒன்றுதான்.

பேனாவை மூடி வைத்தாள்.

"நீங்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா எனக்குத் தெரிஞ்சா போதுமா? அலுவலகத்துக்குத் தெரியணுமே."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. பிறகு இழுப்பறையைத் திறந்து சிவப்பு மையையும் தூரிகையையும் எடுத்தாள். மேலதிகாரியின் மாதிரி முகத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அறைக்கு வெளியே மற்ற ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கடைக்காரர்கள் கற்களோடு நின்றார்கள்.

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க சார்."

அவர் தூக்கினார். முதல் புள்ளியை வைக்கும்போது அக்காவுக்குத் தன் தாடையின் இடது ஓரத்தில், தோலுக்கு அடியில், பழக்கமான ஒரு வலி மெல்ல எழுந்தது. பொறுப்பும் கவலையும் கூடினால் வரக்கூடியதுதான். கை தானாக அங்கே போகப் பார்த்தது. தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அவள் தொடவில்லை.