சல்லடையாரின் அதிர்வுப் பலகை

ஜவ்வாது மலையில் அசையாமல் நிற்கும் எதையும் சல்லடையாருக்குப் பிடிக்காது. மலையையே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

காவலூருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சாமை மில் இருந்தது. சாமையிலிருந்து கல்லைப் பிரிக்கும் சலிப்பு இயந்திரம் அங்கே நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். இருபது வருடம் அதன் பக்கத்திலேயே நின்றவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். பேருந்தில் முன்னால் இடம் காலியாக இருந்தாலும் நேராகக் கடைசி இருக்கைக்குத்தான் போவார். "நல்லா ஆட்டும். எலும்புக்கு நல்லதுங்க" என்பார். ஒருமுறை புளி உலுக்க ஏறியவர் கிளையோடு கீழே வந்துவிட்டாராம். "கிளை ரெண்டா பூட்ச்சு. எனக்கு இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல." முறிந்த கிளையைச் சாட்சிக்காக மில் வாசலிலேயே சாத்தி வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர் கைபேசியில் அதிர்வுப் பலகையைப் பார்த்தால் என்ன ஆகும்? எடை பார்க்கும் இயந்திரம் போல ஒரு தட்டு. ஏறி நின்றால் பாதத்திலிருந்து உடம்பு முழுக்க அதிரும். எலும்பின் அடர்த்திக்கு ஓரளவு உதவலாம் என்று அதில் யாரோ சொன்னார்கள். 'ஓரளவு' அவர் காதில் விழவில்லை. பத்தே நாளில் பலகை மில்லுக்கு வந்துவிட்டது.

முதலில் ஏறியவர் பஞ்சாயத்து எழுத்தர். சல்லடையார் வேகத்தை மில் வழக்கப்படி உச்சத்தில் வைத்தார். எழுத்தரின் சட்டைப் பையிலிருந்து பேனா குதித்தது, மூக்குக்கண்ணாடி குதித்தது, கடைசியில் மனைவிக்குத் தெரியாமல் வைத்திருந்த பீடிக்கட்டும் குதித்தது. மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"பாத்தீங்களா, கல்லு தனியா வந்துடுச்சு" என்றார் சல்லடையார்.

இந்த மனிதரிடம்தான் நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கயலுக்கு அப்போது பதினைந்து வயது. மூட்டு நோய்க்காக வருடக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரைகள் அவள் எலும்புகளை மெலிய வைத்திருந்தன. வீட்டு வாசலில் ஒரே ஒரு படி சறுக்கினாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்தச் சத்தம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. வகுப்பில் சாக்பீஸ் உடைந்தாலும் திடுக்கிட்டுத் திரும்புகிறேன்.

எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் அவள் என் கையைப் பிடிக்காமல் ஓர் அடி வைக்கவில்லை. நான் விடவில்லையா, அவள் விடவில்லையா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. வேலூர் மருத்துவர் மருந்து, சாப்பாடு, நடை என்று மூன்றையும் சொன்னார். கூடவே பிசியோதெரபி அறையில் அதிர்வுப் பலகை. மிகக் குறைந்த வேகத்தில், முழங்காலை லேசாக மடக்கி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். "இது மட்டுமே போதும்னு நினைக்காதீங்க" என்று அங்கிருந்த பிசியோதெரபிப் பெண் எச்சரித்தே அனுப்பினார். வாரம் இரண்டு நாள் விடுப்பெடுத்து மூன்று மணி நேரம் பேருந்தில் குலுங்கிப் போய், ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, மறுபடி மூன்று மணி நேரம் குலுங்கி வந்தோம்.

"பஸ்ஸே இந்த ஆட்டு ஆட்டுதே டீச்சரம்மா, அங்க போயி வேற இன்னாத்துக்கு ஏறி நிக்கறது?" என்றார் சல்லடையார். "நம்ம மில்லாண்ட வந்து நிக்கட்டும்."

பிசியோதெரபிப் பெண் நான் எடுத்துப்போன வீடியோவில் பலகையைப் பார்த்துவிட்டு, வேகத்தையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சல்லடையார் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். குறிப்பிட்டிருந்த வேகத்தைப் பார்த்து முகம் சுளித்தாலும் மீறவில்லை. அவருடைய சோதனை வேறு. பலகை மேல் ஒரு பிடி சாமையைத் தூவி ஓட விட்டார். சாமை இடப்பக்கமாக நகர்ந்தது. கோணியை மடித்து அடியில் கொடுத்து மறுபடி தூவினார். "சாமையே ஒழுங்கா நிக்கல, பாப்பா எப்டி நிக்கும்?" அரை நாள் இப்படியே போனது.

ஒருவழியாகக் கயல் ஏறினாள். நான் அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சல்லடையார் சுவிட்சைத் தொடாமல், ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"இதப் புடிங்க."

பிடித்தேன். தண்ணீர் ததும்பிப் புடவையில் கொட்டியது.

"மெஷின் இன்னும் போடலீங்க" என்றார்.

கயல் சிரித்துவிட்டாள். கால் முறிந்ததற்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து என் இடம் முற்றத்துப் புளியமரத்தடி, கையில் நிறைந்த டம்ளர். கயல் இறங்கும் வரை சிந்தாமல் நிற்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஒருநாள் கொஞ்சம் குடித்துவிட்டு நின்றேன். தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, முக்கா டம்ளரு? பசங்க காப்பி அடிச்சா வுட்ருவீங்களா?"

ஒரு மாதம் போயிருக்கும். தூறல் விழுந்த ஒரு மாலை. ஐந்து நிமிடம் முடிந்ததும் கயல் பலகையிலிருந்து இறங்கினாள். வழக்கமாக என்னைக் கூப்பிடுகிறவள், அன்று கூப்பிடாமல் தனியாகவே முற்றத்தில் நடந்து வந்தாள். ஏழெட்டு அடி வைத்திருப்பாள். நனைந்த உமியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். சல்லடையார் குறுக்கே வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"இழுத்துத் தூக்காதீங்க. இருங்க."

"அம்மா, வராத. நானே ஏந்திருக்கறேன்" என்றாள் கயல்.

மெல்ல எழுந்தாள். பாவாடையிலிருந்த உமியைத் தட்டினாள். அப்போதுதான் கவனித்தேன், எனக்கு முன்னால் விரிந்திருந்த அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

காலையில் முதல் பேருந்தில் வேலூருக்குக் கிளம்பினோம், எக்ஸ்ரே எடுக்க. கூப்பிடாமலே சல்லடையாரும் ஏறினார். கடைசி இருக்கை காலியாக இருந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

எக்ஸ்ரே அறைக் கதவு மூடியது. வெளியே தண்ணீர்க் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அவருக்குக் கொடுத்தேன். வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டிவிட்டது.

"மெஷின் இன்னும் போடலீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "என் பேச்சக் கேட்டுத்தான பாப்பாவத் தனியா வுட்டீங்க" என்றார், டம்ளரைப் பார்த்தபடி. காலியான பாதியை மறுபடி நிரப்பிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கயல் யார் கையையும் பிடிக்காமல் வெளியே வந்தாள். "ஒண்ணுமில்லையாம்" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் சல்லடையார். அப்படி எதுவும் அவர் சொல்லியிருக்கவில்லை. திரும்பும்போது ஓடிப்போய்க் கடைசி இருக்கையைப் பிடித்தார்.

பல மாதம் கழித்து எடுத்த சோதனையில் அடர்த்தி கொஞ்சம் ஏறியிருந்தது. மருந்தா, நடையா, பலகையா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சல்லடையாரிடம் அதைச் சொன்னபோது, "பிரிக்கத் தெரியாதா? இன்னா டாக்டரு?" என்று வருத்தப்பட்டார்.

இப்போது எனக்கு மலையை விட்டுக் கீழே, கணியம்பாடிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. கயல் தனியாகப் பேருந்தில் போய் வருகிறாள். அவள் வீடு திரும்பும் வரை நிறைந்த டம்ளரை நான் கையில் எடுப்பதில்லை. நான் பேருந்தில் ஏறினால், முன்னால் இடம் இருந்தாலும் கடைசி இருக்கைக்குத்தான் போகிறேன். எலும்புக்கு நல்லது என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை. ஜன்னலோரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காருகிறேன்.