தாயத்துக் கட்டிய கார்ச் சாவி

ஒரு காட்டில், வண்டி நிறுத்த இடம் தவிர மற்ற எல்லா வசதியும் இருந்த ஒரு காட்டில், சடையப்பன் என்றொரு கரடி இருந்தது. ரொம்ப நாளாகக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. கருமலைக் கரடியாரிடம் பெண் கேட்டுப் போனபோது அவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கார் எங்கே?"

சடையப்பன் தேனடைகளையெல்லாம் விற்று ஒரு சிவப்புக் கார் வாங்கியது. "நிச்சயத்துக்குக் காரோடு வாங்க. உச்சிவெயிலுக்கு முன்னே வரணும். வரலைன்னா எம்பொண்ணுக்கு வேற கார் பாத்துக்குவோம்" என்று சொல்லியனுப்பினார் கருமலையார்.

புதுக் கார் வந்ததும் மாயழகு என்ற நரி அந்தப் பக்கமாகவே உலாத்தத் தொடங்கியது. அதன் தொழில் காட்டுக்கே தெரியும். சடையப்பனுக்குத் தூக்கம் போச்சு. நிச்சயத்துக்கு முதல் நாள் கோட்டான் பூசாரியிடம் ஓடியது. பூசாரி கண்ணை உருட்டி, செப்புத் தகட்டில் கட்டம் கட்டமாய்க் கீறி, சாவியின் தலையை இடுக்கு விடாமல் மூடிச் சுற்றி, கறுப்புக் கயிறும் கட்டிக் கொடுத்தார்.

"இனி எந்தத் திருடனாலும் இந்த வண்டியைக் கிளப்ப முடியாது."

பூசாரி பொய் சொல்லவில்லை. திருடனை விடுங்கள், யாராலுமே கிளப்ப முடியாது.

மறுநாள் காலை சடையப்பன் ரோமத்தைச் சீவி, சந்தனம் பூசி, காரில் ஏறிச் சாவியைத் திருகியது. கர்ர்ர் என்று சுற்றிய இன்ஜின் ஒரு கணம் பிடித்து, உடனே அணைந்தது. மறுபடி திருகியது. மறுபடி அணைந்தது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டேயிருந்தது. "தாயத்து விழிச்சிருக்கு" என்று கும்பிட்டுக்கொண்டது கரடி.

மரத்தடியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாயழகுக்குப் பொறுக்கவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த மாதிரி காட்சி தாங்காது, பாருங்கள்.

"அண்ணே, நாள் முழுக்கத் திருகினாலும் கிளம்பாது."

"உனக்கென்னடா தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? சோப்புல அச்செடுத்து இதே மாதிரி சாவி செஞ்சு, உன் வண்டியோட மல்லுக்கட்டினவன் நான். கதவு திறக்குது, இன்ஜின் ஓட மாட்டேங்குது. ஏன் தெரியுமா? உன் சாவித் தலைக்குள்ள அரிசி மாதிரி ஒரு சில்லு இருக்கு. சாவி போடுற ஓட்டையைச் சுத்தி ஒரு கம்பி வளையம். நீ திருகினதும் அந்த வளையம் 'யாருப்பா நீ?'ன்னு கேக்கும். சில்லு தன்னோட ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியா இருந்தாத்தான் வண்டியோட மூளை பெட்ரோலை விடும். எஞ்சாவியில சில்லு இல்ல. உஞ்சாவியில இருக்கு, ஆனா நீ அது வாயைத் தகடு போட்டு அடைச்சு வச்சிருக்க!"

"இப்ப என்னங்குற?"

"தாயத்தைக் கழட்டு. கிளம்பிடும்."

சடையப்பன் இறங்கி வந்து நரியை மேலும் கீழும் பார்த்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது.

"அடேயப்பா! திருடனே வந்து கழட்டச் சொல்றான்னா இது எவ்வளவு சக்தியுள்ள தாயத்து! என்னைக் கேனையன்னு நினைச்சியா?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் மாயழகால் உண்மையான பதிலைச் சொல்ல முடியவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "நான் முன்னால நடந்து போய் ஒரு வார்த்தை சொல்லிடுறேன். கார் பின்னால வருதுன்னா மாமா கேட்டுக்குவார்" என்று கரடி கிளம்பியது. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டது. தாயத்து சாவியில் இருக்கிறது. சாவி வண்டியில் இருந்தால்தானே வண்டிக்குக் காவல்?

கரடியின் தலை மறைந்ததும் நரி தகட்டை உரித்தது. சாவியைத் திருகியது. முதல் திருகிலேயே கார் பூனைபோல உறுமியது.

சடையப்பன் மூச்சிரைக்கக் கருமலை போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில் தாண்டியிருந்தது. வாசலில் சிவப்புக் கார். பக்கத்தில் கழுத்தில் மாலையோடு மாயழகு.

"மாமா, இவன் நரி!"

"பாத்தேன். கொஞ்சம் ஒல்லிதான். தேன் கொடுத்தாத் தேறிடுவார்" என்றார் கருமலையார், கார்க் கதவைத் துடைத்துக்கொண்டே.

மாயழகுக்கே மனசு கேட்கவில்லை. செப்புத் தகட்டையும் கறுப்புக் கயிற்றையும் எடுத்துக் கரடியின் கையில் வைத்தது. "இந்தா அண்ணே. இது எனக்கு வேணாம்."

சடையப்பன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கண்ணில் நீர் திரண்டது. பிறகு கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும்படி அதைத் தூக்கிக் காட்டியது.

"பாத்தீங்களா! எல்லாத்தையும் எடுத்தவனால இதை மட்டும் வச்சுக்க முடியல!"

அன்று சாயங்காலமே கோட்டான் பூசாரி வீட்டு வாசலில் சாவியும் கையுமாகப் பெரிய வரிசை நின்றது.

நீதி: கார் போகலாம், கல்யாணம் போகலாம், தாயத்து மட்டும் களவு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.