புழு ஓட்டை நேராக இருப்பது குறித்து

ஒரகடம்,
கார்த்திகை மாதம்.

‘ஏடும் செல்லும்’ மாத இதழின் ஆசிரியர் உயர்திரு ஸ்ரீதர் அவர்களின் மேலான பார்வைக்கு, தங்கள் இதழின் ஆயுள் சந்தாதாரரும் பழைய புத்தக வியாபாரியுமான புருஷோத்தமன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி மஞ்சுளாவும் நலம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், பார்த்துவிட்டுத் தருவதாகச் சென்ற ஆண்டு தாங்கள் என்னிடமிருந்து எடுத்துச் சென்ற இரண்டு நூல்களும் நலமாக இருப்பதாக நம்புகிறேன்.

சென்ற இதழின் ‘காணாமல் போன நூல்கள்’ பக்கத்தில் என் அறிவிப்பை வெளியிட்டு உதவினீர்கள். நன்றி. அந்த அறிவிப்பினால் இங்கே நேர்ந்தவற்றைத் தெரிவித்து, அடுத்த இதழில் ஒரு மறுப்பு வெளியிடுமாறு வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தங்கள் வாசகர்களில் சிலர் அறிவிப்புகளைப் படிக்காமல் சந்தா நினைவூட்டலை மட்டும் படிப்பவர்கள் என்பதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். காணாமல் போனது ‘மூக்குப்பொடி மான்மியம்’. 1858இல் அச்சானது. பொடியின் பெருமை பற்றி நூறு வெண்பாக்கள். தும்மல்களுக்கிடையே பாடியதாகப் புலவரே பாயிரத்தில் சொல்கிறார். சில இடங்களில் தளை தட்டுவதற்கு அதுதான் காரணம். உலகில் இதற்கு இருப்பது ஒரே பிரதி. இன்னொன்றைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதது காரணமாக இருக்கலாம். இருந்தாலும் ஒரே பிரதி ஒரே பிரதிதான். நம் பழநூல் வியாபாரிகள் சங்கத்தின் தைக் கண்காட்சியில், நான் சேர்ந்த நாள்முதல் எனக்குக் கழிப்பறைக்கு எதிரேதான் மேசை என்பது தாங்கள் அறிந்ததே. அங்கே வருபவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், திரும்பிப் போகிறவர்களுக்குக் கை ஈரமாக இருக்கும். இந்த ஆண்டுதான் முதல்முறையாக, நடு மண்டபத்துக் கண்ணாடிப் பேழையில் இந்நூலை என் பெயர் எழுதி வைக்கச் சங்கம் இசைந்திருந்தது. நான் கேட்டதெல்லாம் அந்தப் பேழையும் அதன்மேல் என் பெயரும்தான். இப்போதும் கேட்பது அதுதான்.

சென்னை வாடகையைத் தாங்க முடியாமல் பழைய நூல்களெல்லாம் ஊரைவிட்டு வெளியேறி வருகின்றன. என்னுடையவை பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் தாண்டி, ஒரகடத்தில் வந்து நின்றன. என் கிடங்கின் உரிமையாளர் அண்ணாதுரை. அவருடைய நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிஞ்சியதில் இரண்டு தகரக் கொட்டகைகள் போட்டார். ஒன்றில் நான் இருக்கிறேன். மற்றதில் கார் உதிரிப் பாகங்களுக்குத் துளை போடும் எந்திரங்கள் இருக்கின்றன. சுவருக்கு இந்தப் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு, அந்தப் பக்கம் மூன்று ஷிப்ட். கம்பெனி பஸ் போகும்போதெல்லாம் என் அகராதிகள் ஒருமுறை நடுங்கி அடங்கும்.

ஐப்பசியில் ஒரு காலை அலமாரியைப் பார்த்தால் மான்மியம் இருந்த இடம் காலி. பூட்டு உடையவில்லை, கதவு நெம்பப்படவில்லை, வேறெதுவும் கலையவில்லை. ஆகவே திருடன் நன்கு படித்தவன் என்று முடிவு செய்தேன்; நம் தொழிலில் படிக்காதவர்கள் திருடி நான் பார்த்ததில்லை. காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த காவலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எத்தினி வருசத்து புக்கு சார்?”

“நூற்று அறுபது வருடத்துக்கு மேல்.”

“அவ்ளோ பழசு ஆயிடுச்சா? அப்பறம் எதுக்கு சார் கம்ப்ளெய்ண்ட்டு? புதுசா ஒண்ணு வாங்கிக்கினு போயிட்டே இரு.”

அதனால்தான் தங்கள் இதழை நாடினேன். காணாமல் போன பிள்ளையை மச்சத்தை வைத்துத் தேடுவது போல, காணாமல் போன நூலை அதன் குறைகளை வைத்துத் தேடுவது நம் வியாபார வழக்கம். அதன்படி, பக்கம் 11 முதல் 38 வரை வலது மேல் மூலையில் புழு ஓட்டை ஒன்று, 52ஆம் பக்கத்தில் வட்டமான தேநீர்க் கறை, கடைசித் தாளில் கிழிசல் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினேன். தாங்களும் படத்தோடு பெட்டி கட்டி வெளியிட்டீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் இந்நூலுக்கு ஒரு மறுபதிப்புக் கொண்டுவந்தேன். அதே எழுத்து, அதே அளவு, கைத்தாள் போன்ற மங்கிய தாள். மூலத்தைப் பக்கத்தில் வைத்தாலும் வேறுபாடு தெரியக்கூடாது என்று அச்சகத்தாரின் உயிரை எடுத்தேன். அது விற்றது நான்கு பிரதி. அதில் மூன்றை நானே அன்பளிப்புக்காக வாங்கினேன். தங்கள் இதழ் வெளியான அதே வாரத்தில் அந்த மறுபதிப்புக்கு முப்பது ஆர்டர்கள் வந்தன. ஏறத்தாழ எல்லாம் நம் சங்கத்து வியாபாரிகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழகம் விழித்துக்கொண்டது என்று மஞ்சுளாவிடம் சொன்னேன்.

“அத்தன பேருக்கும் ஒரே வாரத்துல மூக்கு அடச்சிக்கிச்சா?” என்றாள்.

அவளுக்கு இலக்கியத்தில் நாட்டம் குறைவு. அந்த முப்பதில் இரண்டு தங்கள் அலுவலக முகவரிக்குப் போயின. மதிப்புரைக்காக என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சில நாட்களில், தண்டலத்தில் கல்லூரிப் பாடநூல் கடை வைத்திருக்கும் யாக்கோபு ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“அண்ணே, மொதல்ல ஒக்காருங்க. ஒக்காந்தாச்சா? ஒங்க காணாத போன புள்ள கெடச்சிட்டான்.”

பிரித்துப் பார்த்தேன். மான்மியம். பக்கம் 11இல் ஓட்டை. 38 வரை ஓட்டை. 52இல் கறை. யாரிடம் கிடைத்தது என்று கேட்டேன்.

“ஒரு பழைய பேமிலிண்ணே. பேர் சொல்ல வாணாம்னுட்டாங்க.”

நம் தொழிலில் எல்லா நூல்களும் பெயர் சொல்ல விரும்பாத அந்த ஒரே குடும்பத்திலிருந்துதான் வருகின்றன. அவர்கள் வீடு எவ்வளவு பெரியதோ தெரியவில்லை.

“பைசா வாணாம்ணே. கண்ணாடிப் பொட்டி மேல ‘மீட்டவர் யாக்கோபு’ன்னு கொட்டை எழுத்துல போட்ருங்க. ஒங்க பேர வேணா கீழ சின்னதா போட்டுக்கலாம்.”

நான் பதில் சொல்வதற்குள் சென்னையிலிருந்து இரண்டு வியாபாரிகள், ஆளுக்கொரு மான்மியத்தை மீட்டுவிட்டதாகச் சங்கத்துக்கு எழுதிவிட்டார்கள். உலகின் ஒரே பிரதி மூன்றாகிவிட்டது. சங்கத்தின் மெய்யறி குழுத் தலைவர் புலவர் செந்தமிழன் மூன்றையும் வரவழைத்து, தங்கள் இதழில் வந்த என் அறிவிப்பை ஒரு கையிலும் அடிக்கோலை மறுகையிலும் வைத்துக்கொண்டு ஆராய்ந்து, மூன்றுமே மூலப் பிரதி என்று சான்று கொடுத்தார். நான் பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டேன்.

“ஐயா, ஒரே பிரதி எப்படி மூன்றாக இருக்கும்?”

“புருஷோத்தமன், அறிவிப்பில் உள்ள அடையாளம் நூலில் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது பொருளாளர் பொறுப்பு.”

முதலில் கொண்டுவந்தவர் என்ற முறையில் பேழை யாக்கோபுக்கு என்று முடிவாயிற்று. எனக்கு வழக்கமான மேசை.

அன்று மாலை யாக்கோபிடம் மன்றாடி அவருடைய பிரதியை ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். பதினான்கு தாள்களிலும் ஓட்டை ஒரே இடத்தில், ஒரே அளவில், பௌர்ணமி நிலவு போல் வட்டமாக இருந்தது. கண்ணுக்கு எதிரே பிடித்தால் அதன் வழியே தெருவிளக்கு தெரிந்தது. பின்னட்டையின் உட்புறம், எடுக்க மறந்துபோன ஒரு பச்சை ஸ்டிக்கர். ‘தர ஆய்வு: ஓகே’. அதே ஸ்டிக்கரை நான் தினமும் பார்க்கிறேன். பக்கத்துக் கொட்டகையிலிருந்து லாரி ஏறும் ஒவ்வொரு பெட்டியிலும் அது இருக்கும்.

மறுநாள் காலை அண்ணாதுரையிடம் போனேன்.

“இன்னா சார், காலைலயே மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு வந்துகீற?”

“என் புத்தகத்தில் நீங்கள் ஓட்டை போட்டீர்களா?”

“உன் புக்குல நான் ஏன் சார் போடறேன்? ஆர்டர் வந்துச்சு. முப்பது பீசு. டிராயிங் குட்த்தாங்க, போட்டுக் குட்த்தோம். அது பிரேக்கு பிளேட்டா, பொஸ்தகமான்னு நமக்கு இன்னா சார்? ஓட்டை ஓட்டைதான?”

டிராயிங்கைக் காட்டச் சொன்னேன். எந்திரத்துக்கு மேலே, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். தங்கள் இதழின் பதினேழாம் பக்கம். என் அறிவிப்பு.

எந்திரத்தில் நின்றவர் இசக்கிபாண்டி, திருநெல்வேலிப் பக்கம். அவரிடம் நான் என் ஆற்றாமையைக் கொட்டினேன். புழு இப்படியா போகும்? புழு என்றால் நான்கு தாள் நேரே போகும், ஐந்தாவதில் மனம் மாறும், ஒதுங்கும், வளையும், சில இடத்தில் இரண்டு வெண்பாவைத் தின்றுவிட்டுத் திரும்பிவரும். இது குண்டூசி போல அல்லவா போயிருக்கிறது?

“சார், டிராயிங்ல என்ன கெடக்கோ அதத்தான் நான் போட முடியும். வளைவுன்னு எங்கயாவது எழுதிருக்கியளா? காட்டுங்க பாப்போம். விட்டங்கூடப் போடல நீங்க. நாங்களா ஒண்ணரை மில்லின்னு வச்சிக்கிட்டோம்.”

“புழு போடும் ஓட்டை கோணலாகத்தானே அப்பா இருக்கும்?”

“இருக்கும் சார். அதனாலதான் புழுவ வேலைக்கு எடுக்கல, என்னைய எடுத்திருக்காவ. கோணலாப் போனா இங்க ரிஜெக்ட்டு. முப்பதுல ரெண்டு லேசா ஒதுங்கிருச்சு, அதையே சூப்பர்வைசர் ஸ்கிராப்ல போட்டுட்டாரு. ஓரத்துல பிசிறு இருக்கா, தொட்டுப் பாருங்க. இருக்காது. எல்லாம் உப்புத்தாள் போட்டு எடுத்தது.”

தொட்டுப் பார்த்தேன். பிசிறு இல்லை. நம் தொழிலில் ஒரு பொய்யை இவ்வளவு நேர்மையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

ஆசிரியர் அவர்களே, மூன்று மட்டும்தான் இதுவரை வெளியே வந்திருக்கின்றன. இன்னும் இருபத்தைந்து மூலப் பிரதிகள் தைக் கண்காட்சிக்குக் காத்திருக்கின்றன. எனவே அடுத்த இதழில் முதல் பக்கத்தில் இந்த மறுப்பை வெளியிடுமாறு வேண்டுகிறேன்: ‘புழு ஓட்டை நேராக உள்ள மான்மியங்கள் யாவும் போலி. உண்மைப் பிரதியின் ஓட்டை, புழுவின் சுபாவப்படி வளைந்து செல்லும். அதன் ஒரே உரிமையாளர் ஒரகடம் புருஷோத்தமன்.’ செந்தமிழன் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவைக்கவும். அச்சில் வந்தால்தான் அவர் நம்புவார். தங்கள் அலுவலகத்தில் உள்ள இரண்டு மறுபதிப்புகளில் ஓட்டை எதுவும் புதிதாகத் தோன்றியிருந்தால் அதையும் தெரிவிக்கவும்.

தங்கள் இல்லத்தைக் கரையானும், தங்கள் அலமாரியை நண்பர்களும் அணுகாதிருக்கவும், தங்கள் சந்தாதாரர்கள் நீண்ட ஆயுளோடும் குறைந்த ஞாபக சக்தியோடும் வாழவும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன். இல்லத்தரசியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இங்ஙனம்,
ஒ. புருஷோத்தமன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில், மஞ்சுளா கார்த்திகைக்கு அகல் விளக்கு எடுக்கப் பரண்மேல் ஏறினாள். விளக்குகளோடு மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றையும் இறக்கினாள். மான்மியம்.

“சரஸ்வதி பூஜைக்குப் படைக்க ஒரு புஸ்தகம் வேணும்னு நான்தான் எடுத்தாந்தேன். இருக்கறதுலயே பழசா. அப்பறம் சாமி சாமானோட மேல போயிடுச்சு போல.”

“ஏண்டி சொல்லவில்லை?”

“நீங்க எங்க என்னக் கேட்டீங்க? போலீசக் கேட்டீங்க, பத்திரிகைக்காரரக் கேட்டீங்க.”

பக்கம் 11ஐத் திருப்பினேன். ஓட்டை இல்லை. 38 வரை பார்த்தேன். எங்கும் இல்லை. கறையும் இல்லை. நூற்று அறுபது ஆண்டுகளாக இந்நூலை ஒரு புழுகூடத் தொடவில்லை. புழுக்களும் வெண்பாவைக் கண்டு ஒதுங்கியிருக்கின்றன. அறிவிப்பு எழுதும்போது என் பேனா, அடுத்த தட்டில் இருக்கும் சோதிட நூலின் அடையாளங்களை இதற்கு எழுதிவிட்டது. மறுபதிப்பில் ஓட்டை தெரியாததை இத்தனை நாள் அச்சகத்தாரின் கைத்திறன் என்று நினைத்திருந்தேன்.

உடனே பஸ் பிடித்துச் செந்தமிழன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் அறிவிப்பை எடுத்தார், அடிக்கோலை எடுத்தார், 11ஐப் பார்த்தார், 38ஐப் பார்த்தார், நூலை மூடி என் மடியில் வைத்தார்.

“போலி. செய்தவன் அறிவிப்பைக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. உங்கள் வயதுக்கு இது தேவையா, புருஷோத்தமன்?”

ஆகவே மேலே கேட்ட மறுப்பைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். இந்த வரிகளை அண்ணாதுரையின் கொட்டகையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தேநீர் சொல்லியிருக்கிறார்கள், குடித்தது போக மிச்சம் 52ஆம் பக்கத்துக்கு. இசக்கிபாண்டி நூலைப் பலகையில் வைத்து இறுக்கிவிட்டு, “சார், ஒங்களுக்குன்னா ஸ்பெசலா வளைச்சுப் போட்டுத் தாரேன், எப்படி வேணும்?” என்று கேட்கிறார்.

நேராகவே போடச் சொல்லிவிட்டேன்.