உப்பு ராவுத்தரின் நாக்கு

நாக்கை வைத்துக்கொண்டு ஒரு கிணற்றை ஆள முடியும் என்று நிரூபித்தவர் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒருவர்தான். உப்பு ராவுத்தர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாது.

கிணறு தெருவின் நடுவே இருக்கிறது. பழைய கருங்கல் கட்டு. கயிறு உரசி உரசி விளிம்பில் விரல் ஆழத்துக்குத் தடம். சுற்றிலும் கடல் புகுந்த உப்புக் காயல் இருந்தும் இதில் குடிக்கிற தண்ணீர். மழைநீர் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின்மேல் ஏடாகப் படிந்திருக்கிறது. மேலாக மொண்டால் தப்பித்தோம். அதனால் ராவுத்தர் கயிற்றைக் குட்டையாக வெட்டிவிட்டார். வாளி தண்ணீரைத் தொடும், முங்காது. அரை வாளிதான் வரும்.

தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வாய் குடித்து, கண்ணை மூடித் திறந்து, பக்கத்துப் பலகையில் சாக்கட்டியால் எழுதுவார். 'இன்று நன்று.' 'இன்று லேசான உப்பு.' ஒருமுறை, 'இன்று மன்னிக்கவும்.' எல்லாம் தமிழில். தெருவின் இளசுகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க மலையாளம்தான். ஆளாளுக்கு நின்று கேட்பார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அவருடைய மகள் கல்யாணத்தன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. சமையல்காரர் மோட்டாரோடு வந்தார்.

"ராவுத்தரே, அஞ்சு மினிட்டு மதி, அது போதும்."

"அஞ்சு மினிட்டுல அடியில கிடக்குற உப்பெல்லாம் மேல ஏறிடும். அப்புறம் பிரியாணியில மீன் நீந்தும், கேட்டோ!"

குட்டைக் கயிற்றில் விருந்தாளிகள் வரிசையாக இறைத்தார்கள். மாப்பிள்ளையும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறைத்தார். பிரியாணி மூன்றரை மணிக்கு வந்தது. உப்பு சரியாக இருந்தது.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் ராவுத்தரின் நாக்கில் ருசி போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை போட மறந்த சாயாவை, "இனிப்பு கூடிப்போச்சு" என்று அவர் திருப்பிக் கொடுத்தபோது சாயாக்கடையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மறுநாள் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. பலகையில், 'இன்று நன்று.'

விஷயம் வெளியே வந்தால் ராவுத்தர் சொல் எடுபடாது. மோட்டார் வாங்கி வைத்துக் காத்திருக்கும் வீடுகள் அன்றே குழாயை இறக்கிவிடும். அப்படிக் காத்திருந்தவர்களில் முதல் ஆள் பாபு சேட்டன். அவர்தான் கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் குடித்துவிட்டு உரக்கச் சொன்னார்:

"ராவுத்தரே, இன்னிக்கி கொஞ்சம் கரிக்குதுல்ல?"

"அதைத்தான் மாத்தி எழுத வந்தேன்" என்றார் ராவுத்தர், பலகையைத் துடைத்தபடி.

அன்றிலிருந்து தெருக்காரர்கள் நாங்கள் முறை வைத்து ஒரு வாய் குடித்து, ருசியை அவர் காதில் விழச் சொல்கிறோம். நேற்று என் முறை. அவசரத்தில் மறந்து ஸ்கூட்டரில் கடந்துவிட்டேன்.

"சாரே, என்ன அவ்வளவு தெரக்கு? ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

திரும்பி வந்து குடித்தேன். "உப்பே இல்ல ராவுத்தரே."

"எனக்குத் தெரியாதா!" என்று எழுதத் தொடங்கினார்.

மணி ஒன்பதரை. பலகையில் அதுவரை ஒரு எழுத்தும் இல்லை.