சுவரைச் சும்மா விடாத பிரஷ்காரர்

ஏற்காட்டில் பனிமூட்டத்தை நம்பலாம், சேலம் பஸ்ஸைக்கூட நம்பலாம். பிரஷ்காரர் படம் போட்ட சுவரை மட்டும் நம்பவே முடியாது.

எண்பதுகளில் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் காப்பிப்பழத் தோல் உரிக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. வாடகை குறைவு என்பதால் ஒரு லாட்ஜில் தங்குவேன். கட்டில் ஆடும், வெந்நீர் வராது. இந்தக் குறையெல்லாம் கண்ணில் படாமலிருக்க, முதலாளி சேலத்திலிருந்து ஒரு சினிமா பேனர் ஓவியரைக் கூட்டிவந்து, அறைக்கு ஒரு படமாகச் சுவர் முழுக்க வரையச் சொன்னார். அவர்தான் பிரஷ்காரர். ஒரு கோடையில் முடிய வேண்டிய வேலை வருஷக்கணக்கில் நடந்தது. போட்ட படத்தைச் சும்மா விட அவருக்கு மனசு வராது.

ஒருநாள் காலையில் நான் கிளம்பும்போது என் சுவரில் இரண்டு யானையும் ஒரு குட்டியும் நின்றன. சாயங்காலம் வந்தால் குட்டியைக் காணோம். பிரஷ்காரரிடம் விசாரித்தேன்.

"அதுக்கு இங்க இருப்புக்கொள்ளலைங்க. பக்கத்து ரூமுல விட்டுட்டேனுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். அங்கே தாமரைக் குளத்தில் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

ஒரு மழைக்கால மத்தியானம், புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி, தன் அறைச் சுவரிலிருக்கும் ஆந்தை முறைக்கிறது என்று முதலாளியிடம் குறைப்பட்டாள். காதில் விழுந்ததுதான் தாமதம், பிரஷ்காரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

"ஒரு நிமிசமுங்க. கண்ணை மூடிட்டுப் போயிர்றேனுங்க."

மாப்பிள்ளைக்கு அது எப்படிப் புரிந்ததோ, ஏணியோடு சேர்த்து ஆளைத் தள்ளிவிட்டார். அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு நடையைக் கட்டச் சொல்லிவிட்டார் முதலாளி.

பிரஷ்காரர் பெயிண்ட் டப்பாக்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, உடனே வரவேண்டும். ஆனால் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. வாசலுக்கும் போனுக்குமாக அலைந்தேன்.

"இங்கயே சுத்தறதுக்கு நடந்துரலாமுங்க. சரிவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிக்குமுங்க" என்று பிரஷ்காரர் என் ஸ்பானர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்.

மழைத் தூறலில் நடந்தோம். அவர் முதுகில் டப்பாக்கள் கடகடவென்று ஆடின. வாயும் ஓயவில்லை. அந்த மலையின் பச்சை சரியில்லையாம், இந்த மேகத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்க வேண்டுமாம். பேசாமல் வரும்படி கத்தினேன். ஒரு கொண்டை ஊசி வளைவு வரைக்கும் அடக்கிப் பார்த்தார், பாவம். அப்புறம் அருவியின் வெள்ளையில் குறை கண்டுபிடித்தார். எரிச்சலில் என் நடை வேகமானது. அதற்காகத்தான் பேசினாரோ என்று பிற்பாடு தோன்றியது. சரிவைத் தாண்டிப் பஸ் பிடித்துவிட்டோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் எதிரும் புதிருமாக உலாத்தியதில் நர்ஸம்மா இரண்டு தடவை அதட்டினார். மூன்றாவது தடவை கதவைத் திறந்தவர், "பொம்பளப் புள்ளைங்க. அம்மாவும் நல்லா இருக்காங்க" என்றார்.

பிரஷ்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, பெயிண்ட் படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சீக்கிரமே கோபம் ஆறி முதலாளி ஆள் அனுப்பி அவரைத் திரும்ப மலைக்கு அழைத்துக்கொண்டார். வெந்நீர் வருகிற லாட்ஜில் தங்கும் வசதி பிற்பாடு எனக்கு வந்தது. ஆனாலும் அவர் இருந்தவரை நான் அங்கேதான் தங்கினேன்.