மணிமொழிக்கு வலிக்கவில்லை

ஊசி வேண்டாமென்று டாக்டரிடம் மல்லுக்கு நின்றது இடது முட்டி தேய்ந்த மணிமொழி அல்ல, அவள் புருஷன் அருணகிரி.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே முட்டி நரம்பை ஊசியால குளிர வெச்சு மரத்துப்போகப் பண்ணிடுவோம். அப்புறம் வலி கம்மியா இருக்கும். போதை தர்ற வலி மாத்திரை அவ்வளவா தேவைப்படாது," என்றார் டாக்டர்.

"ஊசின்னா அவளுக்கு உயிரே போயிடும் டாக்டர். மாத்திரையே இருக்கட்டும்."

மணிமொழிக்கு ஊசி பயமெல்லாம் கிடையாது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. தலைவலி என்று படுத்தால்கூட "காபி இன்னா ஆச்சு?" என்று கேட்ட மனிதர், போன வருடம் வலது முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து அடியோடு மாறிவிட்டார். மாத்திரையும் தண்ணீருமாகத் தானே வந்து நிற்பார். "முழுசா போட்டா குடல் வெந்துடும்," என்று பாதி உடைத்துத் தருவார். அந்தப் பாதிக்கு இடது முட்டியின் வலி அசைந்து கொடுக்காது. புருஷன் அக்கறையே பெரிசென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

ஊசி போடும் நாளில், "பௌர்ணமி கிரிவலக் கூட்டம், ஆட்டோ வராது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றார். அவருக்கு எதற்கு அலைச்சல் என்று மணிமொழியே கைத்தடியை ஊன்றிச் செங்கம் ரோடு வரை நடந்து, ஆட்டோ பிடித்துப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். வலி விட்டது. டாக்டர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து அருணகிரிக்குத் தூக்கமில்லை. ஆபரேஷனை நினைத்துப் பயப்படுகிறார் போலிருக்கிறது என்று, மணிமொழி கூடத்தில் நடந்து காட்டினாள்.

"பாருங்க, வலியே இல்ல."

"கொஞ்சங்கூடவா இல்ல?" என்றவருக்குக் குரல் உடைந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டிலருகே அவர் கை நடுங்க, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தார்.

"அழாதீங்க. எனக்கு வலிக்கவே இல்ல."

"கொஞ்சம் வலிச்சாத்தான் இன்னா?" என்று எரிந்து விழுந்தார்.

மணிமொழிக்கு ஒருவழியாகப் புரிந்தது. பாவம், பணிவிடை செய்ய வழியில்லாமல் தவிக்கிறார்! இவ்வளவு நாள் பார்த்துக்கொண்ட மனிதருக்காக இதுகூடச் செய்யக்கூடாதா?

"அய்யோ, முட்டி! தாங்க முடியலையே!"

அருணகிரி எழுந்து ஓடினார். போன வேகத்தில் நர்ஸ் வினோதினியைக் கையோடு அழைத்து வந்தார். அவள் கையில் ஒரே ஒரு மாத்திரை.

"என்கிட்ட குடும்மா, நான் குடுத்துக்கறேன்." நீட்டிய கை உதறியது.

வினோதினி மாத்திரையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். வியர்த்து வழிந்த அவர் முகத்தையும், மயிர்க்கூச்செறிந்திருந்த கைகளையும் பார்த்தாள்.

"அவரைத் தப்பா நெனச்சுக்காதம்மா. எனக்கு வலின்னா அவரால தாங்க முடியாது," என்றாள் மணிமொழி பெருமையோடு.

வினோதினி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், இந்தம்மா மாத்திரையை எத்தினி மாசமா நீங்க முழுங்கிட்டு இருக்கீங்க?"