முக்கோணம் தோற்ற ஆட்டம்

மைசூர் சமஸ்தானத்தில் மகாராஜாவுக்கே விட்டுக்கொடுக்காத ஒரே ஆசாமி எங்கள் அக்ரஹாரத்து முக்கோணம்தான். மகாராஜா அவனோடு ஆட உட்காரவில்லை என்பது வேறு விஷயம்.

சர்வே ஆபீஸில் படம் வரைகிற உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் ஈட்டி மரத்தில் முக்கோணமும் சதுரமுமாகச் சில்லுகள் அறுத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பான்; பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். அவற்றை ஒரு பலகையில் இருவர் மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். வைக்க இடமில்லாதவர் தோற்றவர். அவனை ஜெயித்தவர் ஒரு சில்லை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அவன் திரும்ப ஆடி ஜெயித்துத்தான் மீட்க வேண்டும். இந்த விதிக்கு வெகுகாலம் வேலையே வரவில்லை.

குழந்தைகளைக்கூட அழவைத்துத்தான் அனுப்புவான். மேலதிகாரியைத் தோற்கடித்ததில் குண்டலுபேட்டைக்கு மாற்றினார்கள். லீவு போட்டு வந்து, அவரை மறுபடி தோற்கடித்துவிட்டுப் போனான்.

பார்த்த வரன்களெல்லாம் அந்தப் பலகையால்தான் கலைந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரே ஒரு பெண் பாக்கி. பலகை வேண்டாம் என்று அவன் அம்மா கெஞ்சினாள். துணைக்குப் போன நான் பையைச் சோதித்தேன்; பலகை இல்லை. சனியன் அதை அங்கவஸ்திரத்தில் சுற்றி வைத்திருந்தான்.

சொஜ்ஜி பஜ்ஜி ஆயிற்று. பெண் பாடுவதற்காக அவள் அப்பா சுருதிப்பெட்டியைத் திறந்தார். இவன் பலகையை எடுத்து வைத்தான். அவள் நிதானமாக ஆடி, ஜெயித்து, ஒரு சில்லை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பதல்லவா மரியாதை? இவன் எழுந்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன் மாமா. இன்னொரு ஆட்டம் இருக்கு" என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன்.

ஞாயிறுதோறும் போனான், தோற்றான். தெருவில் பேச்சு கிளம்பியது. ஒருநாள் அவள் அப்பா வாசலிலேயே மறித்தார்.

"பொண்ணுக்காக வரேளா, மரத்துண்டுக்காக வரேளா? இன்னிக்கு ஜெயிச்சா அதை எடுத்துண்டு போங்கோ. அப்புறம் இந்தப் பக்கம் வரவேண்டாம்."

ஆட்டம் முடிகிற கட்டம். இவன் கையில் ஒரு சதுரம். பலகையில் அதற்கென்றே ஒரு இடம். வைத்தால் ஜெயம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சதுரத்தைச் சில்லுப் பெட்டியில் போட்டான்.

"வைக்க எடமில்லை மாமா."

பெண் அந்த இடத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நன்னாப் பாத்தேளா?" என்றாள்.

"பாத்தேன்."

அவள் தன் அப்பாவிடம் திரும்பினாள். "முகூர்த்தம் பாருங்கோப்பா."

அதற்குப் பிறகும் எங்களில் ஒருத்தரையும் அவன் ஜெயிக்க விட்டதில்லை, சாகிற வரைக்கும். படுபாவி. இன்னும் ஒரு தடவை அவனிடம் தோற்க வேண்டும்போல இருக்கிறது.